சீர்த்தட்டில் வைத்துக் கொடுத்த பெயர்

கண்ணு,

நீ எழுதி அனுப்பிய ஒப்பந்தத்தின் பதினாறு பக்கமும் வந்து சேர்ந்தன. போனில் வைத்துப் படித்தால் எனக்குத் தலையில் ஏறாது என்பது உனக்குத் தெரியும். அதனால் ஆர்.எஸ்.புரம் போய் ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்துத் தாளில் எடுத்து வந்தேன். துடியலூரிலேயே நாலு ஜெராக்ஸ் கடை இருக்கும்போது எதற்கு அவ்வளவு தூரம் என்று கேட்பாய். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, அதற்குத்தான் போனேன். கடைப்பெண் தாள்களை அடுக்கிப் பின் அடித்துக்கொண்டே, "ஏனுங்கய்யா, எடம் ஏதாச்சும் விக்கறீங்களா?" என்று கேட்டாள். "இல்லீங்க அம்மணி, பேரை வாடகைக்கு உடறேன்" என்றேன். அவள் சிரித்தாள். அன்று முழுக்க நேரில் ஒரு ஆளோடு நான் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ ஷரத்து எண்ணைச் சொல்வாய், நான் சரி சரி என்பேன், அதற்குள் உனக்கு அங்கே மீட்டிங் வந்துவிடும். கடிதத்தை நடுவில் யாரும் துண்டிக்க முடியாது. அதோடு இதில் உனக்குப் பாதிதான் தெரியும். மீதிப் பாதியை உன்னிடம் சொல்ல எனக்கு இத்தனை வருடமும் வாய் வரவில்லை.

போன மாதம் ஒரு காலையில் உன் அத்தை மகன் காரமடையிலிருந்து வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நான் வா என்று சொல்லும்வரை படியிலேயே நின்றான். அவனுடைய அப்பா விட்டுப்போன பட்டறையில் மறுபடியும் கிணற்று மோட்டார் போடப்போகிறானாம். அதற்கு நம் 'கொண்டல்' பெயரைக் கேட்டான். நான் மோட்டார் போடுவதை நிறுத்தி மூன்று வருடமாயிற்று. ஷெட்டில் இப்போது அட்டைப்பெட்டி செய்கிறார்கள். பெயர் மட்டும் என் பேரில் பதிவாகி, சும்மா கிடக்கிறது. இப்படியே வருடக்கணக்கில் பயன்படுத்தாமல் விட்டால் யாராவது மனுப் போட்டுப் பதிவை நீக்கிவிடலாம் என்று நீதான் சொன்னாய். அந்தக் கணக்கில் பார்த்தால் அவன் கேட்டது நமக்கும் நல்லதுதான். ஆனால் நான் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "அம்மாவுக்குத் தெரியுமா?" அவன் காபி டம்ளரைக் கீழே வைத்தான். "தெரியுமுங்க மாமா. 'கேட்டுப் பாரு'ன்னாங்க. அவ்வளவுதானுங்க சொன்னாங்க."

பன்னிரண்டு வருடத்தில் என் தங்கை என்னைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. உனக்கு இது ஒரு டிரேட் மார்க் லைசென்ஸ். எனக்கோ, அவளுக்கு நான் மறுபடியும் அண்ணன் ஆவேனா மாட்டேனா என்பதுதான் இதில் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி.

உன் முதல் பக்கத்தில் என்னை 'உரிமையாளர்' என்றும் அவனை 'அனுமதி பெற்றவர்' என்றும் போட்டிருக்கிறாய். படித்ததும் சிரிப்பு வந்தது. இந்த அனுமதி பெற்றவர் மூன்று வயதில் என் மடியில் உட்கார்ந்து, காது குத்தும்போது என் சட்டைப் பாக்கெட்டைக் கிழித்தவர். நீயும் அன்றைக்குக் கோயிலில் இருந்தாய், ஆனால் உனக்கு விருந்துதான் நினைவிருக்கும். நம் பக்கம் தாய்மாமன் சீர் என்றால் சும்மாவா? பதினோரு தட்டு எடுத்துப் போனேன். பழம், துணி, இனிப்பு, வெள்ளி அரைஞாண் எல்லாம் இருந்தது. கடைசித் தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், தேங்காய், அவற்றுக்கு நடுவில் நூறு அலுமினிய நேம் பிளேட்டை அடுக்கிக் கயிறு கட்டி, குங்குமம் வைத்திருந்தேன். மோட்டார் மேல் அடிக்கிற அதே 'கொண்டல்' தகடுதான். மாப்பிள்ளையை, அதான் உன் அத்தை புருஷனை, பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஒலிபெருக்கிக்காரரிடம் மைக்கை வாங்கினேன். "இன்னையிலிருந்து என்ற மாப்பிள்ளையும் கொண்டல் பேருலயே மோட்டார் போடலாமுங்க. இது என்ற தங்கச்சிக்கு நான் செய்யற சீருங்க." பந்தலே கை தட்டியது. இப்படி ஒரு சீரைக் கொங்கு நாட்டில் எவனும் செய்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அன்றைக்குக் கால் தரையில் படவில்லை. உன் அம்மா மட்டும் என் காதோரம், "எதுக்கும் ஒரு தாள்ல எழுதி வெச்சுக்கலாமுங்களே" என்றாள். "சீருக்கு எவனாச்சும் ரசீது வாங்குவானா?" என்று அவள் வாயை அடைத்துவிட்டேன். 'நீ சொன்னதுதான் சரி' என்று சொல்ல இப்போது அவள் இல்லை.

நீ எழுதியிருக்கும் மூன்றாம் பக்கத்தைப் பார்க்கிறேன். எந்தப் பொருளுக்கு, எந்தெந்த மாவட்டத்தில், எத்தனை வருடத்துக்கு, அவனுக்கு மட்டுமா, நாளைக்கு வேறு ஒருவருக்கும் கொடுக்கலாமா, அந்தப் பெயரை நானே மறுபடி பயன்படுத்தலாமா, எல்லாவற்றையும் போட்டிருக்கிறாய். நான் மைக்கில் பேசியதில் இதில் ஒன்றுகூட இல்லை. பொருளைச் சொல்லாததால் வந்த வினையைக் கேள். இரண்டே வருடத்தில் காரமடைத் தேருக்குப் போன இடத்தில் ஒரு கடையில் 'கொண்டல்' டேபிள் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை செய்த வேலைதான். காற்றாவது நன்றாக வந்ததா என்றால் அதுவும் இல்லை. ஊரைச் சொல்லாததால், தாராபுரத்தில் என் டீலர் கடைக்கு எதிர்க்கடையிலேயே மாப்பிள்ளையின் மோட்டார் இறங்கியது. டீலர் என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்க, நீங்களே உங்களுக்குப் போட்டியாங்க?" என்று கேட்டார். காலத்தைச் சொல்லாததால், அது எப்போது முடியும் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. மாப்பிள்ளையைக் கூப்பிட்டு இதையெல்லாம் பேசியிருக்கலாம். தங்கைக்குக் கொடுத்த சேலையை எங்கே கட்டுகிறாய், எத்தனை நாள் கட்டுவாய் என்று எந்த அண்ணனாவது கேட்பானா? என் புத்தி அப்படித்தான் போயிற்று. பெயரைச் சேலை மாதிரி நினைத்துவிட்டேன். சேலை கிழிந்தால் கட்டினவளோடு போகும். பெயர் கிழிந்தால் அப்படிப் போகாது.

பெயரை எந்த வடிவில் பதிந்திருக்கிறதோ அப்படியே பயன்படுத்த வேண்டும், எழுத்தையோ நிறத்தையோ மாற்றக்கூடாது என்று ஒரு ஷரத்து வைத்து, கடைசியில் அட்டவணையாகப் படத்தையும் ஒட்டியிருக்கிறாய். அதில் கை வைக்காதே. என் மருமகனுக்கு, அதான் உன் அத்தை மகனுக்கு, அந்த எழுத்து பழைய மாடலாகத் தெரிகிறதாம், போனில் பார்த்தால் எடுப்பாக இல்லையாம். அவனுக்கு ஒன்று தெரியாது, உனக்கும் தெரிந்திருக்காது. அது உன் அத்தையின் கையெழுத்து. முதல் மோட்டாருக்குத் தகடு அடிக்க வேண்டும் என்றபோது ஓவியரிடம் போக எனக்கு வசதி இல்லை. அவள் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள். நோட்டுத்தாளில் எழுதிக் கொடுத்தாள். 'ண்' சற்றுப் பெரிதாக வந்துவிட்டது, திருத்தி எழுதட்டுமா என்று கேட்டாள். நேரமில்லை என்று அப்படியே வாங்கிக்கொண்டு போனேன். அந்தப் பெரிய 'ண்'தான் இன்றுவரை பதிவில் இருக்கிறது. பதிவுச் சான்றிதழில் உரிமையாளர் என்று என் பேர் இருக்கிறது. எழுதியவள் பேர் எங்கும் இல்லை. அதற்கெல்லாம் சட்டத்தில் இடமில்லை என்பாய். இருக்கட்டும், உன் காதில் போட்டு வைக்கிறேன்.

இனி நான் உன்னிடம் முழுசாகச் சொல்லாத இடத்துக்கு வருகிறேன். 'அனுமதி பெற்றவர் இந்த அனுமதியை வேறு எவருக்கும் கைமாற்றவோ உள் அனுமதி வழங்கவோ கூடாது' என்று எட்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரி என்னிடம் இருந்திருந்தால் ஒரு மனிதருக்குக் கை விளங்காமல் போயிருக்காது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். தகடு அடிக்கிறவரிடம், மாப்பிள்ளை எத்தனை கேட்டாலும் கொடுங்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன். எத்தனை வாங்கினார் என்று ஒருநாளும் விசாரிக்கவில்லை. மாப்பிள்ளை நல்ல மனிதர், யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். அவருடைய நண்பர் ஒருவர் எங்கிருந்தோ மலிவாக மோட்டார் வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். அவர் கேட்டார், இவர் ஒரு கட்டுத் தகட்டைக் கொடுத்துவிட்டார். சீராக வந்தது சீராகவே போயிற்று.

அந்த மோட்டார்களில் ஒன்று அன்னூர்ப் பக்கம் ஒரு விவசாயியின் கிணற்றில் இறங்கியது. உள்ளே காயில் கம்பிக்குப் போட்ட மின்காப்பு சரியில்லை. ஒரு காலையில் அவர் ஈரக் கையோடு மோட்டாரைத் தொட்டிருக்கிறார். உயிர் பிழைத்தார். வலது கை விரல் நாலும் மடங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மோட்டாரிலிருந்து தகட்டைக் கழற்றி, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, பஸ் ஏறித் துடியலூருக்கு வந்தார். சண்டை போட வரவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். இடது கையால் தகட்டை மேஜைமேல் வைத்தார். "உங்க பேரைப் பாத்துத்தானுங்க வாங்குனேன். மோட்டாரைப் பத்தி எனக்கென்ன தெரியுமுங்க?" என்றார். உள்ளே உன் அம்மா மோர் கலக்கிக்கொண்டிருந்தாள். கொண்டுவந்த டம்ளரை அவர் எந்தக் கையில் வாங்குவார் என்று தெரியாமல் பிடித்தபடியே நின்றாள்.

டிரேட் மார்க் என்றால் என்ன என்று வக்கீல் எனக்குப் பலமுறை விளக்கியிருக்கிறார். அந்த விவசாயி சொன்னதற்கு மேல் எதுவும் இல்லை. முன்பின் தெரியாத ஒருவர், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரியாமல், நாலு எழுத்தை நம்பிக் கையை வைக்கிறார். அந்த எழுத்தை யாரிடம் கொடுத்தாலும் அந்த நம்பிக்கையைச் சேர்த்தே கொடுக்கிறோம். 'இன்னார் தயாரிப்பு, உரிமையாளரின் அனுமதியுடன்' என்று தகட்டிலேயே அச்சிட வேண்டும் என நீ போட்டிருப்பது அதனால்தான் எனக்குப் பிடித்தது. வாங்குகிறவருக்கு எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிய வேண்டும். பொருளால் கேடு வந்தால் யார் பொறுப்பு, யார் யாரைக் காக்க வேண்டும் என்று நீ ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் உரிமையாளரை முழுசாகத் தப்பிக்க விட்டிருக்கிறாய். மகன் அப்பாவுக்கு எழுதினால் அப்படித்தான் எழுதுவான். எனக்கு அது வேண்டாம். பெயர் என்னுடையது என்றால் அந்தக் கையிலும் எனக்குப் பங்கு உண்டு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த விவசாயியை வைத்தியத்துக்குக் கூட்டிப் போனேன், கிணற்றில் வேறு மோட்டார் இறக்கிக் கொடுத்தேன், அதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாதது இது. அன்று மாலையே வக்கீலிடம் போய் மாப்பிள்ளைக்கு நோட்டீஸ் அனுப்பினேன். துடியலூரிலிருந்து காரமடைக்கு மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறினால் முக்கால் மணி நேரம். நான் பஸ் ஏறவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்து, இப்படி ஆகிவிட்டது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கோபம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். கோபத்தை விட வெட்கம்தான் அதிகம், தகட்டை அளவில்லாமல் கொடுத்தவன் நானல்லவா. வக்கீல் தன் வழக்கப்படி எழுதினார். 'எங்கள் கட்சிக்காரரின் பெயரைப் போலியாகப் பயன்படுத்தி' என்று ஒரு வரி. நான் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். தபால்காரர் பதிவுத் தபாலைக் கொண்டுபோனபோது மாப்பிள்ளை பட்டறையில் இருந்தார். வீட்டில் இருந்தவள் உன் அத்தை. கையெழுத்துப் போட்டு வாங்கி, அண்ணன் வீட்டிலிருந்து என்னவோ வந்திருக்கிறது என்று பிரித்திருக்கிறாள்.

மறுநாள் மாப்பிள்ளை போன் செய்தார். குரலை உயர்த்தவில்லை. "மச்சான், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தகட்டைப் பூராம் நானே கொண்டாந்து உங்க வாசல்ல வெச்சிருப்பேனுங்க. போலின்னு எழுதிப்போட்டீங்களே." அவ்வளவுதான் பேசினார். மத்தியானம் ஒரு ஆட்டோவில் சாக்கு மூட்டை வந்து இறங்கியது. உள்ளே மீதித் தகடு எல்லாம் இருந்தது, மேலே ஒரு தேங்காய், வெற்றிலை பாக்கு. சீரைத் திருப்பி அனுப்பும்போதும் வெறுமனே அனுப்பக்கூடாது என்று உன் அத்தை நினைத்திருக்கிறாள்.

ஆகவே, அனுமதியை ரத்து செய்யும் ஷரத்தில் எனக்கு ஒரு திருத்தம் வேண்டும். முப்பது நாள் நோட்டீஸ், தவறைச் சரிசெய்ய அவகாசம், அதன் பிறகு ரத்து, கையிருப்பை விற்க மூன்று மாதம், மிச்சத் தகட்டைத் திருப்பித் தருவது என்று ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறாய். அதற்கு முன்னால் ஒரு வரி சேர். எந்த நோட்டீஸும் போவதற்கு முன் இரண்டு பேரும் நேரில் உட்கார்ந்து ஒருமுறை பேசியிருக்க வேண்டும், பேசாமல் அனுப்பும் நோட்டீஸ் செல்லாது. இன்னொன்று, நோட்டீஸ் அனுப்பும் முகவரியாகக் காரமடை வீட்டைப் போட்டிருக்கிறாய். அதை அடித்துவிட்டுப் பட்டறை முகவரியைப் போடு. அந்த வீட்டுக்கு இனி என்னிடமிருந்து அப்படி ஒரு தபால் போகக்கூடாது.

மாப்பிள்ளை போய் இரண்டு வருடமாகிறது. உனக்கு லீவு கிடைக்கவில்லை, நான் மட்டும் போனேன். புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச்சேலை போட அண்ணன் வர வேண்டும், எந்தச் சண்டையும் அதைத் தடுக்காது. யாரோ என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். சேலையை அவள் தோளில் போட்டேன். அவள் விலக்கவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். எழவு வீட்டில் எல்லாரும் யாரையாவது கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் பந்தல் ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, எவரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, உன் அம்மா படத்துக்கு முன்னால் நின்று, போய் வந்தேன் என்று சொன்னேன். பதில் சொல்ல ஆளில்லாத வீட்டில் பேசுவது ஆரம்பத்தில் கூச்சமாக இருக்கும். பிறகு பழகிவிடும்.

'இந்தப் பெயரைப் பயன்படுத்துவதால் உண்டாகும் நற்பெயர் முழுவதும் உரிமையாளரையே சாரும்' என்று பத்தாம் பக்கத்தில் இருக்கிறது. இது இல்லாவிட்டால் நாளைக்கு அவன் பெயரையே தனது என்பான், கட்டாயம் வேண்டும் என்று நீ போனில் வாதாடினாய். இருக்கட்டும். ஆனால் மேட்டுப்பாளையம், சிறுமுகைப் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் நடந்து அந்தப் பெயரைக் கொண்டுசேர்த்தவர் மாப்பிள்ளை. அவர் கையால் போட்ட மோட்டார் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. தப்பு நடந்தது அவர் கொடுத்த தகட்டில்தான், அவர் செய்த மோட்டாரில் இல்லை. இதை அவர் உயிரோடு இருக்கும்போது ஒருநாளும் நான் சொல்லவில்லை. தாளில் எனக்கு என்று எழுதிக்கொள்வோம். வாயால் அவர்களுக்குத்தான் என்று சொல்ல வேண்டும். எனக்குப் பிறகு இந்தப் பெயர் உன்னிடம் வரும், ஒப்பந்தம் உன்னைக் கட்டுப்படுத்தும் என்று எழுதியிருக்கிறாய். பத்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கிற பொறுப்பும் உன்னுடையது. இந்தச் சொல்லும் அதோடு சேர்ந்து உனக்கு வரட்டும்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இந்த மூன்று வாரமாக நீ தினமும் போன் செய்கிறாய். கைமாற்றம், அவகாசம், அட்டவணை என்று அரைமணி நேரம் பேசுகிறோம். உன் அம்மா போனதிலிருந்து நாம் இவ்வளவு பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமை போன், சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அதோடு சரி. போன வாரம் ஐந்தாம் ஷரத்து புரியவில்லை என்று மூன்று முறை கேட்டேனே, முதல் முறையே புரிந்துவிட்டது. இது முடிந்தால் பேசுவதற்கு என்ன இருக்கும் என்று தெரியவில்லை. அதற்காகத்தான் இழுத்தடித்தேன். உன்னைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. என் அப்பாவோடு நானும் மோட்டாரைப் பற்றி மட்டுமே பேசினேன். நம் வீட்டு ஆண்களுக்குக் கையில் ஏதாவது ஒரு வேலை இருந்தால்தான் பக்கத்தில் இருப்பவர்மேல் பிரியம் காட்ட வரும்.

கடைசியாக ஒன்றே ஒன்று பாக்கி. பொருளின் தரத்தை உரிமையாளர் கண்காணிக்க வேண்டும், கண்காணிக்காமல் பெயரை மட்டும் கொடுத்தால் ஒருநாள் பெயரே கையைவிட்டுப் போகலாம் என்று நீ சொன்னாய். அதற்கு ஒரு பரிசோதனைக் கம்பெனியை ஏற்பாடு செய்திருக்கிறாய். வருடத்துக்கு இரண்டு முறை அவர்கள் காரமடை போய்ப் பட்டறையைப் பார்த்து அறிக்கை தருவார்களாம். 'அப்பாவுக்கு அலைச்சல் வேண்டாம்' என்று ஓரத்தில் குறிப்பு வேறு. நீ நல்லதுக்குத்தான் செய்திருக்கிறாய். அந்தக் கம்பெனியை எடுத்துவிடு, கண்ணு. நான் போகிறேன். மாதம் ஒருமுறை போகிறேன். கருவி இல்லாமலே எனக்கு மோட்டாரைப் பார்க்கத் தெரியும். ஓடும்போது மேலே உள்ளங்கையை வைத்தால் பேரிங் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். ஒவ்வொரு தகட்டுக்கும் எண் போடச் சொல்லி, எத்தனை வாங்கினான், எத்தனை அடித்தான் என்றும் பார்ப்பேன். இது சட்டத்துக்குச் சொல்லும் காரணம். பட்டறையையும் வீட்டையும் பிரிக்கிற சுவரில் ஒரு கதவு இருக்கிறது. அதுதான் என் காரணம்.

இதை அவனிடம் சொல்லலாம் என்று போன வாரம் மருமகன் நம்பருக்குப் போட்டேன். எடுத்தது அவன் இல்லை.

"ஆருங்க?"

"நாந்தான்."

பின்னால் பட்டறையில் ஏதோ அடிக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. போனை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

"சொல்லுங்ணா. பையன் குளிக்கப் போயிருக்கறான்."

"ஒண்ணுமில்ல அம்மணி. அந்த அக்ரிமெண்டு விசயம். மாசம் ஒருக்கா நான் வந்து பட்டறையப் பாக்கோணும்னு அதுல எழுதச் சொல்லலாம்னு இருக்கறேன். உனக்கு ஒண்ணும் சங்கடம் இல்லையே?"

"எழுதாட்டி வரமாட்டீங்களாங்ணா?"

"வாரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அது நடந்து இன்றோடு ஒன்பது நாள். நாலு முறை சட்டை மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன். மேட்டுப்பாளையம் பஸ் வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போயிற்று. நான் திரும்பி வந்துவிட்டேன். போய் என்ன சொல்வது, எந்த முகத்தோடு அந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியவில்லை. வெறும் அண்ணனாகப் போக எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

அதனால் நீ எழுது. பார்வையிடுவது உரிமையாளரின் உரிமை என்று இப்போது இருக்கிறது. உரிமை என்றால் நான் போகாமல் இருந்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். கடமை என்று மாற்று. மாதம் ஒருமுறை நேரில் போயே தீர வேண்டும், வேறு ஆளை அனுப்பக்கூடாது, போகாவிட்டால் ஒப்பந்தத்தை மீறியவன் நான் என்று எழுது. சீக்கிரம் எழுதி அனுப்பு, கையெழுத்துப் போட்டு அதை எடுத்துக்கொண்டு போகிறேன்.

அப்பா